அம்மன் காலடியில் வைத்த கேசட்

அந்தக் கேசட்டை நான் முன்கூட்டியே ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கச் சொல்லித்தான் என் மனைவியின் தம்பி அதை எடுத்துக்கொண்டு வந்தான். நான்தான் மாட்டேன் என்றேன்.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். மருந்துப் பம்பை முதுகில் சுமந்து புல் சாக மருந்தடிக்கும் பெண்களுக்கு நான் மண்டோர். அவர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போக, நான் பின்னால் நடந்து வேலை வாங்குவேன். அந்தப் பெண்களில் ஒருத்தி என் மனைவி. படிப்பு என்று எடுத்துக்கொண்டால் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும்தான். தோட்டத்து அம்மன் கோயிலுக்கு ஐயர் திருவிழாவுக்கு மட்டும் வருவார். மற்ற நாளில் விளக்கு வைப்பது, வெள்ளிக்கிழமை பூசை, ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போடுவது எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். கோயில் சாவியும், மருந்துக் கொட்டகையில் இருந்த தகரப் பெட்டியின் சாவியும் ஒரே வளையத்தில் என் இடுப்பில் தொங்கும்.

மச்சானுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். கூட வேலை செய்யும் பையன்களிடம் ஆங்கிலக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு ராப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆங்கிலக் கேசட்டிலிருந்து கொஞ்சம் தாளத்தை வெட்டி எடுத்து, எங்கள் திருவிழா உருமியைக் கொஞ்சம் சேர்த்து, அதற்கு மேல் தமிழில் மளமளவென்று பேசி, பத்துப் பாட்டு தயார் செய்திருந்தான். இரண்டு கேசட் போடும் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, ஒன்றைப் போட்டு ஒன்றில் பதிந்து, நாற்பது கேசட் எடுத்துவிட்டான். ஒவ்வொன்றிலும் பேனாவால் அவனே பேர் எழுதியிருந்தான்.

"மாமா, இது பாட்டு மாதிரி இருக்காது. பேச்சு மாதிரிதான் இருக்கும். ஆனா தாளத்துல பேசுவேன்."

"நீ சும்மாவே வாய மூட மாட்ட. இதுல தாளம் வேறயா?" என்றேன்.

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரு தடவ கேட்டுருங்க மாமா. பி பக்கம் கடைசிப் பாட்டயாவது கேளுங்க. அப்புறம் கோயில்ல வச்சுக்கலாம்."

"சாமிக்கு வைக்கப் போற பொருளு. பொங்கல எறக்குறதுக்கு முன்னாடி எவனாச்சும் நாக்குல வச்சுப் பாப்பானா?"

"பொங்கலும் கேசட்டும் ஒண்ணா மாமா?"

"அவ முன்னாடி வைக்கிறது எல்லாம் ஒண்ணுதான்லா."

எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். புது சைக்கிள் வாங்கினாலும், பிள்ளைக்குப் புதுப் புத்தகம் வாங்கினாலும், முதலில் அம்மன் காலடி. அவள் பார்த்த பிறகுதான் நாம் தொடுவது. புது மோட்டாரை வாங்கிய கடையிலிருந்து கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தவன்கூட உண்டு. கேசட்டுக்கு மட்டும் என்ன வேறு சட்டம் என்று எனக்குத் தோன்றியது. மச்சான் அடுப்படிப் பக்கம் திரும்பி அவன் அக்காவைப் பார்த்தான். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அப்போதே நான் அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வெளியீடு என்று ஏற்பாடு. அன்று காலையிலேயே ஜம்பு மரத்தில் ஏறி இரண்டு கூம்பு ஒலிபெருக்கியையும் கட்டினேன். ஒன்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைப் பார்த்து, இன்னொன்று தோட்ட மேனேஜரான தொரையின் பங்களாவைப் பார்த்து. நம் பையனும் ஒன்று செய்திருக்கிறான் என்று தொரைக்குத் தெரியட்டுமே என்ற ஆசைதான். முதல் கேசட்டை வாங்கிக்கொள்ளக் கிராணியை அழைத்திருந்தேன். தோட்டத்து ஆபிஸில் தொரைக்கு அடுத்தபடி அவர். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, நேரத்துக்கு வந்துவிட்டார். மருந்தடிக்கும் பெண்களே அவருக்கு மாலை கட்டியிருந்தார்கள்.

தாம்பாளத்தில் நாற்பது கேசட்டையும் அடுக்கி, மேலே உள்ளதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் வைத்தேன். தேங்காய் இரண்டாகப் பிளந்து சரிபாதியாக விழுந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். கிராணி முதல் கேசட்டை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அதைப் பாட்டுப் பெட்டியில் போட்டு அழுத்தினேன்.

முதல் பாட்டு தொடங்கியதும் பெரியவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னலா இது, ஜெராம்ல மீன் ஏலம் விடுறவன் மாதிரி கத்துறான்?"

"மூச்சு எங்கயா விடுறான்? எனக்கு மூச்சு முட்டுது."

"கடைசி பஸ்ஸு போயிரும்னு பேசுறான் போல."

வாலிபர்களுக்கு மட்டும் தலை தானாக ஆடியது. சுங்கை பெசார் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதைப் பற்றி ஒரு பாட்டு. லயத்துக் கொசுவைப் பற்றி ஒன்று. சுங்கை ஆயர் தாவாரில் கடிதத்துக்குப் பதில் போடாத ஒரு பெண்ணைப் பற்றி ஒன்று. அதைக் கேட்டுக் கிராணிகூடச் சிரித்தார். மாலையைக் கழற்றாமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். கேசட்டைப் புரட்டிப் போட்டேன். பி பக்கமும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு வந்தது.

அதில் உருமி இல்லை. 'டக்… புஸ்… டக்… புஸ்' என்று ஒரு சத்தம் மட்டும். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசிப்பதற்குள் தெரிந்துவிட்டது. பம்புச் சத்தம். கைப்பிடியை அழுத்தினால் டக், மருந்து பீய்ச்சினால் புஸ். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னிடம் ஒரு பம்பை இரவல் கேட்டான். வீட்டுக்குப் பின்னால் லாலான் புல் மண்டிக் கிடந்ததால் அதற்குத்தான் என்று எடுத்துக் கொடுத்தேன். புல் அப்படியேதான் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

டக், புஸ். அதற்கு மேல் அவன் குரல்.

"கம்பெனி காரு வருது, தூசி பறக்குது,
மண்டோரு பொட்டி தானா தொறக்குது,
மாட்டு மாட்டு மாஸ்க்க மாட்டு!
காரு போச்சு, கழட்டு கழட்டு!
அக்கா கையில நகத்தக் காணோம்,
ஆரு எடுத்தா? சொல்ல நாணோம்.
கொடுத்ததும் எங்க மாமன் கையி,
வாங்குனதும் எங்க மாமன் கையி!"

இந்தக் கடைசி இரண்டு வரி திரும்பத் திரும்ப வந்தது.

பெட்டி என்று அவன் சொன்னது என் இடுப்புச் சாவிக்கு உரிய தகரப் பெட்டியைத்தான். முகமூடியும் கையுறையும் அதில் இருந்தன. அவற்றை என்னிடம் கொடுத்தபோதே கிராணி சொல்லியிருந்தார்: "பெரிய ஆளுங்க வந்தா கொடுங்க. போனதும் வாங்கிப் பூட்டிருங்க. தெனம் மாட்டுனா ரெண்டு மாசத்துல பிஞ்சிரும், அப்புறம் தொரைகிட்ட யாரு புதுசு கேக்குறது?" நான் அப்படியே செய்தேன். வருசத்துக்கு மூன்று நாலு தடவை கம்பெனியிலிருந்து கார் வரும். அன்றைக்குக் கொடுப்பேன், கார் போனதும் வரிசையாக வாங்கிக்கொள்வேன். மற்ற நாளெல்லாம் பெண்கள் பழைய துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெறுங்கையால் மருந்து கலக்கினார்கள். சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். நகம் கறுத்து விழும். அம்மன் காப்பாற்றுவாள் என்று எல்லோருக்கும் திருநீறு கொடுத்திருக்கிறேன்.

பாட்டு ஓடியது. என் விரல் நிறுத்தும் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. படையலைப் பாதியில் எடுக்கக் கூடாது என்பது ஒன்று. கிராணி பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்பது இன்னொன்று. எது முதலில் தோன்றியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஜம்பு மரத்துக் கூம்பு தொரை பங்களாவைப் பார்த்து அத்தனையும் சொல்லி முடித்தது.

யாரும் கை தட்டவில்லை. வெற்றிலை போடும் ஒரு அக்கா மட்டும், எங்கள் கூட்டத்திலேயே வாய் நீளம் அவளுக்கு, "அட, நம்ம மண்டோரு சினிமாவுல நடிச்சிட்டாருலா" என்றாள். நாலைந்து பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கிராணி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"திங்கக்கெழம ஆபிஸுக்கு வாங்க மண்டோர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "எங்க சோத்துலயே மண்ணப் போட்டுட்டியேடா!"

"கேளுங்கன்னு எத்தன தடவ சொன்னேன் மாமா? நான் பொய் சொல்லியிருக்கேனா, அதச் சொல்லுங்க."

"பொய்யா இருந்தா பரவால்லயேடா!"

நான் மனைவியிடம் திரும்பினேன். "ஒனக்குத் தெரியும்ல? இந்த நகம், கையி, இதெல்லாம் நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்லித்தான் தெரியணுமா? தெனம் இந்தக் கையாலதான ஒங்களுக்குச் சோறு போடுறேன்."

திங்கட்கிழமை ஆபிஸில் கிராணி என்னைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"தொரைக்கு டிரைவர் எல்லாம் எடுத்துச் சொல்லிட்டான். கேசட்டு எங்கெங்கயோ போவுது. கேள்வி வந்தா கம்பெனிக்கு என்ன பதில் சொல்றதுன்னு குதிக்கிறார். வெள்ளிக்கெழம பூசையில நீங்க எல்லாருக்கும் முன்னாடி சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணணும். தெனம் மாஸ்க்கு கொடுக்குறேன்னு."

"சாமி முன்னாடியா ஐயா?"

"காயிதத்துல எழுதுனா நம்ம ஆளுங்க நம்புவாங்களா? சூடத்துல அடிச்சாத்தான் நம்புவாங்க. தொரைக்கே அது தெரியுது."

"பண்ணாட்டி?"

"மண்டோர் வேல போயிரும். நீங்க இருக்குற கோடி வீடு மண்டோர் வீடுதான. வேலயே இல்லன்னா லயத்துலயும் வீடு கெடையாது." பிறகு மேசை மேல் இருந்த ரூலரை நேராக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் மேல ஆளு இருக்கு மண்டோர். வழி ஒண்ணு சொல்றேன். 'என் கையால கொடுத்தேன்'னு மட்டும் சத்தியம் பண்ணுங்க. கொடுத்தது உண்மதான? திருப்பி வாங்குனீங்களான்னு ஒருத்தரும் கேக்கப் போறதில்ல."

எனக்கு இரண்டு பிள்ளைகள், தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். வெளியே போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், பொய்ச் சூடம் அடித்தவன் குடும்பம் விளங்காது என்பதை நானே கோயிலில் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் முழுக்க விளக்கு வைக்கும்போது அம்மன் முகத்தை நான் பார்க்கவில்லை. திரியை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டு இறங்கிவிடுவேன். வேலைக் காட்டில் பெண்கள் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வீட்டில் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன். கிராணி சொன்ன வழியையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்தானே. அதில் பொய் எங்கே?

கேசட்டுகளைத் திருப்பி வாங்கிவிடச் சொல்லி மச்சானுக்கு ஆள் அனுப்பினேன். கோல சிலாங்கூர் டவுனில் ஒரு முஸ்லிம் அண்ணன் சாப்பாட்டுக் கடையில் பத்து கேசட் விற்பனைக்குக் கொடுத்திருந்தான். புதன்கிழமை நானே அங்கே போனேன்.

"அது அன்னைக்கே முடிஞ்சு போச்சே!" என்றார் அந்த அண்ணன். "பாட்டு எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா பயலுக தேத்தண்ணி குடிச்சிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறானுவ. போடு போடுங்குறான். அந்த மாமன் யாரு, ஒங்க தோட்டத்து ஆளாமே?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்த பஸ்ஸில் பின் சீட்டுப் பையன்கள் காலால் தட்டிக்கொண்டு வந்தார்கள். டக், புஸ். டக், புஸ். நான் ஜன்னலை மூடினேன். சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தது, ஜன்னலை மூடி என்ன பயன். மச்சானும் சொல்லி அனுப்பியிருந்தான்: 'ஒண்ணு நாலாச்சு, நாலு பதினாறாச்சு மாமா. பதிஞ்சு பதிஞ்சு அவனவன் கொண்டு போயிட்டான். யாருகிட்டன்னு போய்க் கேக்குறது?'

வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் அவ்வளவு கூட்டத்தைத் திருவிழா இல்லாத நாளில் நான் பார்த்ததில்லை. கிராணி முன்னால் நின்றார், பக்கத்தில் தொரையின் டிரைவர். மருந்தடிக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றார்கள். அவர்களோடு என் மனைவியும். மச்சான் பின்னால் வேப்ப மரத்தடியில். பூசையை முடித்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கட்டிச் சூடம் வைத்து ஏற்றினேன்.

எங்கள் பக்கம் அது எப்படியென்றால், எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்தால்தான் சத்தியம். சொல்லை முதலில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அடிக்க வேண்டும். அடிக்காமல் நின்று சூடம் தானாக எரிந்து தீர்ந்துவிட்டால், அவன் சொன்னது பொய் என்று பொருள். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கையைத் தூக்கினேன். "தாயே" என்றேன். பிறகு வாரம் முழுக்கப் பழகி வைத்ததைச் சொன்னேன்.

"கொடுத்தது என் கையி."

அப்போது வெற்றிலை அக்கா மெதுவாக முனகினாள். என்னை மாட்டிவிட வேண்டும் என்று சொன்னதாக நான் நினைக்கவில்லை, ஒரு வாரமாக வாயில் ஊறிப்போனது தானாக வந்துவிட்டது:

"வாங்குனதும் எங்க மாமன் கையி…"

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களும் கூடவே சொன்னார்கள். அடுத்தது வாலிபர்கள். பாதிப் பேர் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

என் கை சூடத்துக்கு மேல் நின்றது. உள்ளங்கை சுட்டது. அடித்துவிட்டால் முடிந்தது. எதிரே என் மனைவி நின்றாள். அவள் பாடவில்லை. கையைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அவளிடமிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தது, திரும்பினேன், கண் அம்மன் முகத்தில் போய் விழுந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

கையை இறக்கினேன். "ஆமா, வாங்குனதும் நான்தான்" என்றேன். முன்னால் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். சூடம் எரிந்து, வெற்றிலையைக் கருக்கி, தானாக அணைந்தது.

வீரமாக ஏதோ செய்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெண்கள் மீதி வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அடித்திருப்பேன். அரை உண்மையைச் சொல்லி அம்மனை ஏமாற்றத்தான் கையைத் தூக்கினேன்.

தோட்டத்தை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்று மூட்டைகூடக் கட்டி வைத்தோம். துரத்தவில்லை. எங்களைத் துரத்தினால் கேசட்டில் வந்ததெல்லாம் உண்மை என்று ஊரே பேசும் என்று தொரை யோசித்திருக்க வேண்டும். கிராணிதான் வந்து சொன்னார். கோடி வீட்டை விட்டு லயத்து நடுவில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். மண்டோர் வேலை இன்னொருவருக்கு. எனக்கு மருந்தடிக்கும் வேலை. சாவி வளையத்திலிருந்து பெட்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். இத்தனை வருசம் கழற்றாததால் வளையம் இறுகிப் போயிருந்தது. கிராணி தன் பேனாக் கத்தியைக் கொடுத்து உதவினார்.

திங்கட்கிழமை முதல் நானும் பம்பைத் தூக்கினேன். அந்தப் பெண்களுக்குப் பின்னால் இத்தனை காலம் நடந்தவன், பம்பு முதுகை எங்கே அறுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாரைச் சரிசெய்து கட்ட என் மனைவிதான் சொல்லிக் கொடுத்தாள். வெற்றிலை அக்கா, "மாமன் கையி இப்ப பம்புலயா?" என்று கேட்டாள். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மூன்றாவது மாதம் கம்பெனிக் கார் வந்தது. புது மண்டோர் ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். ஆளுக்கு ஒரு முகமூடி. மாட்டிக்கொண்டேன். ரப்பர் வாசனை அடித்தது, புதிதாகவே இருந்தது. காரில் வந்தவர்கள் இறங்கி, தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏறிப் போனார்கள். தூசி அடங்குவதற்குள் புது மண்டோர் பெட்டியோடு வரிசையில் வந்தார். இந்தத் தடவை கொடுக்கக் கூடாது என்று மூன்று மாதமாக நினைத்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவள் கழற்றிப் போட்டாள். நானும் கழற்றிப் போட்டேன். எனக்குப் பின்னால் என் மனைவியும் போட்டாள்.

பிறகு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கைப்பிடியை அழுத்தினேன். டக், புஸ். அந்தப் பாட்டு உடனே தொடங்கிவிட்டது. பாட்டை நிறுத்த வேண்டும் என்றால் பம்பை நிறுத்த வேண்டும். பம்பை நிறுத்தினால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. வரிசை முழுக்க எல்லோர் முதுகிலும் அதே சத்தம். முன்னால் யாரோ வாய்க்குள் முனக ஆரம்பித்தார்கள். புது மண்டோர் "வாய மூடிக்கிட்டு அடிங்கலா" என்று பின்னாலிருந்து கத்தினார்.